வெறுங்கால் கொலுசு

கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டிங் வேலை பார்த்துவந்த கலாமணியின் மகள் மிளிருக்கு நாலு வயது முடிந்த மறுநாள் காலை, பால்காரர் மணியடித்துவிட்டுப் போன கையோடு, குழந்தை பாயை விட்டு எழுந்து தண்ணீர்க் குடத்தைப் பார்த்து நடந்தபோது, அவளுடைய வெறுங்காலிலிருந்து கொலுசுச் சத்தம் கேட்டது. காலில் கொலுசு இல்லை, அந்த வீட்டிலேயே கொலுசு இல்லை. கலாமணி பாயை உதறினாள், தலையணை உறையைத் திருப்பினாள், கடைசியில் குழந்தையை மடியில் போட்டுக் குதிகாலில் காதை வைத்தாள். குழந்தை கட்டைவிரலை அசைத்தது. உள்ளேயிருந்து, எலும்புக்குப் பக்கத்திலிருந்து, ஜல் என்று ஒரு சத்தம் வந்து அவள் காதுக்குள் உட்கார்ந்தது.

"கால்ல என்னடி வெச்சிருக்க?"

"கால்தாம்மா வெச்சிருக்கேன்."

அவர்கள் குடியிருந்தது எட்டு வீட்டு லைனில் ஆறாவது வீடு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். ஆறாவது வீட்டில் கடுகு தாளித்தால் மூணாவது வீட்டில் தும்முவார்கள். அதனால் கலாமணி கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே சேதி லைன் முழுக்கப் போய்விட்டது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு முதலில் வந்தவள் கடைசி வீட்டு ரங்கம்மா. குழந்தையை நடக்கச் சொல்லிக் கேட்டாள், திரும்பி நடக்கச் சொல்லிக் கேட்டாள், அப்புறம் மழை வருமா வராதா என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"நீ போட மாட்டேன்னு அடம் புடிச்சீல்ல கலா? சாமியே போட்டு உட்ருச்சு பாரு. பொட்டப்புள்ளைன்னா சத்தம் இருக்கோணும். அது உன்ற கையில இல்ல."

அவ்வளவுதான். கொலுசில்லாத காலில் கொலுசுச் சத்தம் எப்படி வந்தது என்று அந்த லைனில் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. கலாமணிக்கு எரிச்சல் மூண்டது அந்த இடத்தில்தான். சத்தம் வந்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அது தனக்குச் சொன்ன பதில் என்று ஊரே ஒரே வாயாய் முடிவுகட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கலாமணிக்குப் பதினோரு வயதில் மூணடுக்குக் கொலுசு இருந்தது. ஆசைக்குப் போட்டதில்லை அது. பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கிற அப்பனுக்குத் தெரிவதற்காகப் போட்டது. அந்த வருஷம் அமராவதியில் வெள்ளம் வந்து, ஊர்ப் பையன்களெல்லாம் பார்க்க ஓடினபோது, அவள் கொலுசு மணிகளுக்குள் ஈரக் களிமண்ணை அடைத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே மெல்ல நடந்தாள். பாதி வழியில் மண் காய்ந்து உதிர்ந்துவிட்டது. ஆறு கண்ணுக்குத் தெரிவதற்குள் அப்பன் கையில் சிக்கினாள். அந்த வெள்ளத்தை அவள் கடைசிவரை பார்க்கவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் இரும்பு மூக்கு வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு தொம் தொம்மென்று பட்டறைக்குள் நடந்தபோதுதான் தன் காலுக்கு விடுதலை என்று நினைத்தாள். அதனால்தான் பெண் பிறந்ததும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக ஒரு பேர் வைத்தாள். புருஷனுடைய அக்கா, அவளுக்கு நங்கையா முறை, காதுகுத்துக்கு ஆசையாகக் கொண்டுவந்த வெள்ளிக் கொலுசை மடித்த தாளைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்தாள்.

ஆனால் பிள்ளைக்கு இருந்த புத்தி வேறு. கவுன் என்றால் அடுக்கடுக்காய்ச் சுருக்கு வைத்ததுதான் வேண்டும், அதுவும் ரோஸ் கலரில்தான் வேண்டும். வளையல் கடையைத் தாண்டும்போது கால் வேர் பிடித்து நின்றுவிடும். கலாமணி பார்த்துப் பார்த்து ஒரு மஞ்சள் பொக்லைன் வண்டி பொம்மை வாங்கித் தந்தாள். மிளிர் அதற்கு ஸ்டிக்கர் பொட்டு வைத்து, நகத்துக்குப் பூசுகிற சாயத்தை அதன் இரும்புப் பல் ஒவ்வொன்றுக்கும் பூசி, துண்டு போர்த்தி, "பாப்பா தூங்குது, சத்தம் போடாதம்மா" என்றாள். கலாமணி துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த ரோஸ் கலர்ப் பற்களைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? டிவியா, குழாயடியா, பக்கத்து வீட்டுச் சீரியலா? அல்லது யாருமே சொல்லிக் கொடுக்கவில்லையா? அந்தக் கடைசிக் கேள்விதான் அவளை அதிகம் குடைந்தது.

பிறந்த நாளன்றைக்கும் குழந்தை கேட்டது. "எனக்குக் கொலுசும்மா."

"கொலுசு போட்டா ஓட முடியாது கண்ணு."

"நான் ஓடுவேன்."

"முடியாதுன்னா முடியாது" என்று கலாமணி அதட்டினாள். மறுநாள் விடிந்தபோது அந்தச் சத்தம் வந்தது.

வந்த சத்தத்துக்கு லைன் ஒரு வாரத்திலேயே பழகிவிட்டது; பழகினதோடு நில்லாமல் அதற்கு வேலையும் கொடுத்தது. இரண்டாம் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் கால் வீங்கிப் படுத்திருந்ததால் மிளிரைக் கூட்டிப்போய்க் கட்டிலைச் சுற்றி ஏழு தடவை நடக்கவிட்டார்கள்; அடுத்த தெருவில் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினவர்கள் மாட்டுக்கு முன்னால் மிளிரை நுழையவிட்டார்கள்; பால்வாடி டீச்சர் சாப்பாட்டு மணி அடிப்பதை நிறுத்திவிட்டு மிளிரை வராந்தாவில் ஒரு நடை போய்வரச் சொன்னாள்; கீரைக்காரம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் அன்றைக்குக் கூடை காலியாகிறது என்று சொல்லி ஒரு கட்டு தண்டுக்கீரையைச் சும்மாவே வைத்துவிட்டுப் போனாள். கடைவீதி வெள்ளி ஆசாரி ஒருநாள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சேலத்து வேலைப்பாடுங்க. மூணடுக்கு. ஒரு மணிகூட ஈயம் இல்ல, அத்தனையும் சுத்த வெள்ளி" என்று தீர்ப்புச் சொன்னார். போகிற இடமெல்லாம் குழந்தையின் தலையில் பூ வைத்தார்கள், கன்னத்தைக் கிள்ளி மகாலட்சுமி என்றார்கள். யாரும் ஒரு தடவைகூட, இது என்ன அதிசயம் என்று கேட்கவில்லை.

லாரியோட்டிப் போய் நாக்பூரில் இருந்த புருஷன் சம்பத் போன் போட்டான். "செத்த நேரம் போனைக் கீழ வையி கலா. பாப்பாவை நடக்கச் சொல்லு." அவள் போனைத் தரையில் வைத்தாள். குழந்தை போனைச் சுற்றிச் சுற்றி நடந்தது. எண்ணூறு மைலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் சிரிக்கிற சத்தம் தரையிலிருந்து வந்தது. "என்ற தங்கம், என்ற தங்கம்" என்றான். கலாமணிக்கு போனை எடுத்துக் காதில் வைக்கவே பிடிக்கவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குள் இருக்கும்போது குழந்தையின் காலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டினாள். துணிக்குள்ளிருந்தும் ஜல் ஜல் என்றது. சம்பத்தின் கம்பளிக் காலுறையை மாட்டினாள். தவிட்டுப் பையில் காலை வைத்து உட்காரச் சொன்னாள். "நடந்தா மெல்ல நட, ஊரைக் கூட்டாத" என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை சொன்னாள். சொல்லும்போதெல்லாம் அவள் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. யாருடையது என்று நினைத்துப் பார்க்க அவள் விரும்பவில்லை.

இப்படி இருக்கையில், இருபத்திரண்டாம் நாள், ஐந்தாவது வீட்டுத் தர்ஷித்தின் காலிலும் சத்தம் வந்துவிட்டது.

தர்ஷித்துக்கும் நாலு வயதுதான். அவன் அப்பன் நவநீதன் கொசுவலைக் கம்பெனியில் சூப்பர்வைசர், அம்மா பிரேமா வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். மிளிர் நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பையன் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து, மோவாயை முழங்காலில் வைத்துக்கொண்டு, அவள் காலையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆள் இல்லாத நேரத்தில் இரண்டும் கைகோத்துச் சுற்றும். மிளிர் தன் நகச்சாயத்தில் அவனுக்கும் ஒரு விரல் பூசிவிட்டிருந்தாள். அன்றைக்குக் காலையில் அவன் படியிலிருந்து குதித்தான், ஜல் என்றது. மிளிருடையதைவிடச் சின்ன மணிகள், ஆனால் அதே வெள்ளி. அவன் குனிந்து காலைப் பார்த்தான், வாயெல்லாம் பல்லாக, "எனக்கும் வந்துருச்சு, எனக்கும் வந்துருச்சு" என்று கூவிக்கொண்டு எட்டு வீட்டு நீளத்துக்கும் ஓடினான்.

குழாயடியில் பேச்சு நின்றது. மகாலட்சுமி என்று சொன்ன அதே வாய்கள் அப்படியே மூடிக்கொண்டன. ரங்கம்மா நிறைந்து வழிகிற குடத்தைக்கூட எடுக்கவில்லை. கலாமணிக்கும் முதலில் நாக்கில் வந்தது "ஐயோ பாவம்" என்பதுதான். அதை அவள் விழுங்கிவிட்டாள். 

மத்தியானத்துக்குள் அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள்: ஒட்டுவாரொட்டி. பொட்டப்புள்ளையோடு சேர்ந்து விளையாடி ஒட்டிக்கொண்டது. தர்ஷித்துக்கு மந்திரித்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், வேப்பெண்ணெய் தடவினார்கள். பால்வாடி டீச்சர், "ஒரு பத்து நாள் வீட்ல வெச்சிருங்க, மத்த பசங்களோட அப்பாமாரெல்லாம் பயப்படறாங்க" என்றாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே போக்குவரத்து நின்றது. பையனை வெளியே கூட்டிப்போனால் நவநீதன் இடுப்பில் தூக்கிக்கொண்டே போனான், கால் தரையில் படாமல், கைக்குழந்தையைப் போல. வெள்ளி ஆசாரிதான் அவனுக்கு யோசனை சொன்னார்: வெள்ளிச் சத்தத்தை இரும்புதான் அமுக்கும்.

அதைக் கேட்டுக்கொண்டு நவநீதன் நேரே கலாமணியிடம் வந்தான். சின்னதாய் ஒரு ஜோடி கறுப்பு ஷூவை அவள் கையில் கொடுத்தான்.

"அக்கா, இதுக்கு அடியில ரெண்டு தகடு வெச்சுக் குடுங்க. காலிஞ்சு போதும்."

"நாலு வயசுப் புள்ளைக்கா?"

"கொஞ்ச நாளைக்குத்தானுங்க்கா. அமுங்கினதும் கழட்டிரலாம்."

கலாமணிக்கு மூணு வாரமாய் அடைத்துக்கொண்டிருந்தது உடைந்தது. "ஏந்தம்பி, என்ற புள்ளைக்கு வந்தப்ப என்ன சொன்னீங்க? சாமி போட்டதுன்னீங்க. பூ வெச்சீங்க. அதே சத்தம் உன்ற பையனுக்கு வந்தா சீக்கா? கால்ல இரும்பு கட்டற அளவுக்கு அவன் என்ன பண்ணிட்டான்?"

"ஸ்கூலுக்குப் போனா பசங்க என்னென்ன பேரு வெப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்க்கா. எனக்குத் தெரியும்." அவன் முகம் சிவந்திருந்தது. "பத்தாவது வரைக்கும் எனக்கு நவநீதன்னு ஒரு பேரு இருக்குதுன்னே எவனுக்கும் தெரியாது."

"அதுக்கு?"

"நீங்க மட்டும் என்ன பண்ணுனீங்க? துணி கட்டுனீங்க. தவிட்டுல காலை வெக்கச் சொன்னீங்க. 'ஊரைக் கூட்டாத'ன்னு நீங்க கத்தறது செவுத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேக்காதுங்களா?"

  கலாமணி ஷூவை அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டித் திருப்பிக் கொடுத்தாள். "நான் வெச்சுத் தர மாட்டேன்."

அவள் மாட்டேன் என்றால் ஊரில் வேறு பட்டறை இல்லையா. இரண்டே நாளில் தகடு ஏறிவிட்டது. பையன் கழற்றிக் கழற்றி வீசுகிறான் என்று, வார் போடுகிற துளையில் கட்டுக்கம்பியை விட்டு முறுக்கிவிட்டார்கள். இரும்பு வெள்ளியை அமுக்கத்தான் செய்தது. எப்படி என்றால், தர்ஷித் நடப்பதையே விட்டுவிட்டான். எங்கே உட்கார வைத்தார்களோ அங்கேயே உட்கார்ந்திருந்தான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான், படுக்கச் சொன்னால் ஷூவோடு படுத்தான். லைனில் எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது. "இப்ப தேவலை, சத்தமே இல்ல" என்றாள் ரங்கம்மா.

மிளிர் மட்டும் தினமும் ஐந்தாவது வீட்டுச் சாத்தின கதவுக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். ஒருநாள் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் வந்து, அந்தப் பூட்ஸின் இரும்பு மூக்கை விரலால் தொட்டுப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்கும் இரும்பு ஷூ போடுவியாம்மா?"

"போட மாட்டேன் கண்ணு."

"துணிதான் கட்டுவியா?"

 அன்றிரவு கலாமணி சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, நவநீதன் கறி வாங்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதும், பிரேமா சுவரைத் தட்டினாள். கலாமணி வெளியே வந்தாள். பிரேமா சேலை முந்தியை வாயில் பொத்திக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"அக்கா, அவரு வரதுக்கு அரை மணி ஆகும். எனக்குக் கம்பி முறுக்கை அவுக்க வரமாட்டேங்குது. விரலெல்லாம் கிழிஞ்சு போச்சு. வாங்க."

கலாமணி கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போனாள். லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பையனைத் தூக்கி வாசல் படியில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்துத்தான் கம்பியை வெட்டினாள். நாலு வெட்டு. ஷூ இரண்டும் கழன்று சிமெண்டில் விழுந்து கணார் என்றது. குதிகாலில் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டிருந்தது. பிரேமா விசும்பினாள். பையன் அழவில்லை. வெளியே வந்த காலை அவசரமாக மடக்கித் தொடைக்குக் கீழே ஒளித்துக்கொண்டான்.

"எந்திரி சாமி. நடந்து பாரு." அவன் தலையை ஆட்டினான். "ஒண்ணும் ஆகாது, எந்திரி." ஆட்டினான். பிரேமா கெஞ்சினாள், கலாமணி கெஞ்சினாள். குழாயடியிலிருந்து யாரோ, "விடுங்க, அவன்தான் வேண்டாங்கறானில்ல" என்றார்கள். கலாமணிக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்று தெரியாத கோபம், லைன்மேல், நவநீதன்மேல், அந்தப் பாழாய்ப்போன ரோஸ் கலர்மேல், தன்மேல். அவள் திரும்பி மகளைக் கூப்பிட்டாள்.

"மிளிரு. நீ நடந்து காட்டு கண்ணு."

மிளிர் நடந்தாள். சத்தம் வரவில்லை. பாதத்தை வெளிப்பக்கமாய்ச் சாய்த்து, விரல்களை உள்ளே சுருட்டி, ஒரு கிழவி வழுக்குகிற தரையில் நடப்பதுபோல, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரடி ஓரடியாய் வந்தாள். பாதி தூரம் வந்ததும் நிமிர்ந்து அம்மாவைப் பெருமையாகப் பார்த்தாள்.

"சத்தமே வராம நடக்கறேம்மா. பாரு. நானே பழகிட்டேன்."

கலாமணி அவள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். பிள்ளையின் இரண்டு பாதத்தையும் கையால் நேராக்கிச் சிமெண்டில் வைத்தாள். "வேண்டாங் கண்ணு. சத்தமாவே நட. ஓடு."

"நெசமாவா?"

"நெசமா."

"திட்ட மாட்டீல்ல?"

"மாட்டேன்."

குழந்தை அம்மா முகத்தை வெகுநேரம் பார்த்தது, நம்பலாமா கூடாதா என்று. அப்புறம் ஓடியது. முதல் வீட்டிலிருந்து எட்டாம் வீடு வரைக்கும், எட்டிலிருந்து ஒன்றுக்கும், கவுன் சுருக்கெல்லாம் பறக்க, காலைத் தரையில் அறைந்து அறைந்து ஓடியது. இத்தனை நாளாய் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து கொட்டியது. அலுமினியப் பாத்திரங்கள் அதிர்ந்தன, ஓட்டிலிருந்து காக்காய் எழும்பியது. கலாமணி அந்த ஓட்டத்தைப் பார்த்தாள். கொலுசு போட்டால் ஓட முடியாது என்று இத்தனை வருஷமாய் நினைத்திருந்தாளே, பிள்ளை ஓடிக்கொண்டுதான் இருந்தாள். நாலாம் தடவை வரும்போது படியில் உட்கார்ந்திருந்தவனின் தொடைக்குக் கீழே ஒரு மணி தானாக ஜல் என்றது. ஐந்தாம் தடவை அவன் எழுந்துவிட்டான். நொண்டிக்கொண்டே ஓடினான், அழுதுகொண்டே ஓடினான், அப்புறம் சிரித்துக்கொண்டே ஓடினான். பிரேமா படியில் உட்கார்ந்து, வாயைப் பொத்தியிருந்த முந்தியைக் கீழே விட்டாள்.

நவநீதன் கறிப்பையோடு லைன் முகப்பில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியாது. பையன் அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.  நவநீதன் மகனின் காலையே பார்த்தான்.  கடைசியில், "செருப்புப் போட்டுட்டு ஓடு. புண்ணுல கல்லு குத்தும்" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனான். இரும்பு வைத்த ஷூவைப் பிரேமா அன்றைக்கே பழைய இரும்புக்காரர் சாக்கில் போட்டாள்.

இந்த இடத்தோடு கதை முடிந்தால் நன்றாயிருக்கும் என்று கலாமணியும் நினைத்தாள். ஆனால் குழாயடி பேசிக்கொண்டேதான் இருந்தது. முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பையன் கடந்து போகும்போது பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். ஒரு மாசம் தாங்கினான் நவநீதன். அப்புறம் ஒரு புதன்கிழமை குட்டியானை வண்டியில் கட்டில், பீரோ, தையல் மிஷின் எல்லாம் ஏறின. கலாமணி பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பீரோவுக்குக் கை கொடுத்தாள்.

"கம்பெனிப் பக்கத்துல வீடு கெடச்சிருச்சுங்க்கா" என்றான் நவநீதன்.

"அங்கயும் குழாயடி இருக்கும் தம்பி."

"இருக்குமுங்க" என்றான் அவன்.  வண்டி கிளம்பியதும் மெத்தைக் கட்டுக்கு நடுவே நின்றிருந்த தர்ஷித் வண்டியின் தகரத் தரையில் காலை ஓங்கி ஓங்கி மிதித்தான். முக்கு திரும்புகிறவரை கேட்டது. திரும்பின பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது. அதற்கப்புறம் அந்தக் காலுக்கு என்ன ஆயிற்று என்று கலாமணிக்குத் தெரியாது. பிரேமாவின் போன் நம்பர் மாறிவிட்டது.

மிளிரின் சத்தம் அடுத்த ஆடி வரை இருந்து, ஒருநாள் காலையில் இல்லாமல் போனது. குழந்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; உதட்டுச் சாயம் வேண்டும் என்று ஆரம்பித்திருந்தாள். கலாமணி முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்கித் தந்தாள். முணுமுணுப்பு இன்னும் போகவில்லை, அவளால் அதை மறைக்கவும் முடியவில்லை.

ஊர் இதை இன்றைக்கும் சொல்கிறது. பட்டறையில் டீ கொண்டுவருகிற பாப்பம்மாளுக்கு இந்தக் கதை மனப்பாடம். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பிப்பாள்: இந்த ஊர்ல ஒரு பொட்டப்புள்ள இருந்துச்சு, கொலுசில்லாமயே அது காலு குலுங்கும், நடந்த வீடெல்லாம் விளங்குச்சு.

கலாமணி பஸ் கூட்டின் மேலே குந்தியபடி வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு சொல்வாள், "ரெண்டு பேரு."

"ரெண்டா? ரெண்டும் பொட்டப்புள்ளையா?" என்பார்கள் கேட்டுக்கொண்டிருப்பவர்கள்.

"ஒண்ணு பையன்."

பாப்பம்மாள் சிரித்துக்கொள்வாள். "அது எதுக்கு கலா நடுவுல. கதை நல்லாத்தானே போகுது" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடராமல், மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள்: இந்த ஊர்ல ஒரு பொட்டப்புள்ள இருந்துச்சு.

"ரெண்டு பேரு" என்பாள் கலாமணி, மேலேயிருந்து, இன்னும் சத்தமாக.